கேட்டதை மட்டும் சொல்லு

இப்போதெல்லாம் காசநோய் மாத்திரை விழுங்கியதற்குச் செல்ஃபோன்தான் சாட்சியாம். மாத்திரையைப் பிய்த்தால் அட்டையில் ஒரு நம்பர் தெரியும். அதற்கு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், விழுங்கியாயிற்று என்று கம்ப்யூட்டர் நம்பிவிடும். நான் வேலை பார்த்த டிஸ்பென்சரியில் இப்போது இருக்கும் இரண்டு பெண்கள் போன மாதம் வீட்டுக்கு வந்தபோது இதைச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கம்ப்யூட்டருக்கு இருக்கும் நம்பிக்கையில் பாதிகூட எங்கள் சிஸ்டர் கிளாராவுக்கு இருந்ததில்லை.

"அப்ப நீங்கல்லாம் எப்படிக்கா பார்ப்பீங்க?" என்று கேட்டார்கள். சொல்ல ஆரம்பித்தேன். மாத்திரையில் தொடங்கிய பேச்சு ஆண்டவரிடம் போய் நின்றது. "இதை எழுதி வைங்கக்கா" என்றாள் ஒருத்தி. எழுதுகிறேன். பிழை இருந்தால் எனக்குத் தமிழ் எடுத்த டீச்சரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் நல்லூர்ப் பக்கம் பிறந்தவள். பிளஸ் டூ முடித்துவிட்டு, கன்னியாஸ்திரிகள் நடத்திய சுகாதாரப் பயிற்சியில் சேர்ந்து, காயத்துக்குக் கட்டுப் போடவும் பிரஷர் பார்க்கவும் வயிற்றுப்போக்கில் அழுகிற பிள்ளைக்கு உப்பு சர்க்கரைத் தண்ணீர் புகட்டவும் கற்றுக்கொண்டேன். கல்யாணமாகி விருத்தாசலம் வந்ததும் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் டிஸ்பென்சரியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஓய்வு பெறும் வரைக்கும் அங்கேதான். வருகிறவர்களில் பாதிப் பேர் செராமிக் கம்பெனி ஆட்கள். சூளையில் சுட்டுக்கொண்ட கை, கண்ணில் விழுந்த தூசி, விடாத இருமல் என்று வருவார்கள். பெருநாள் சமயத்தில் மட்டும் வயிற்றுவலி கூடும்.

சிஸ்டர் கிளாரா திண்டிவனம் பக்கத்துக்காரர். குள்ளம். கண்ணாடி தடிமன். முக்காடு பறக்காமல் இருக்க நாலு ஊக்கு குத்திக்கொண்டு டிவிஎஸ் ஃபிஃப்டியில் போவார். பின்னால் உட்கார்ந்து போகிறவர்களுக்கு ஜெப வாழ்க்கை தானாகவே ஆழப்படும்.

அவர் நோயாளியை விசாரிக்கும் முறையே தனி. யாராவது வந்து உட்கார்ந்து "வயித்துல கேஸு சிஸ்டர்" என்றால் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவார்.

"கேஸுன்னு யார் சொன்னா?"

"எனக்கே தெரியுது சிஸ்டர்."

"ஒனக்குத் தெரிஞ்சது அப்புறம். பட்டது என்னா? அதைச் சொல்லு."

"இங்க குத்துது."

"ஆங். குத்துது, அது பட்டது. கேஸு நீ நெனச்சது. ரெண்டையும் கலக்காத. கலந்து சொன்னா நான் யாருக்கு மருந்து குடுக்கறது, ஒனக்கா, உன் நெனப்புக்கா?"

வந்தவர் திருதிருவென்று விழிப்பார். ஆனால் இரண்டாம் தடவை வரும்போது ஒழுங்காகச் சொல்லுவார். எங்கள் கோயில் பங்கு ஜனங்கள் ஃபாதரிடம் பாவம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட இவ்வளவு சுத்தமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

காசநோய் மாத்திரைக்கும் ஒரு முறை உண்டு. அப்போது வாரத்தில் மூன்று நாள் எங்கள் கண்ணெதிரே விழுங்க வேண்டும். வேலைக்குப் போவதற்கு முன்னால் வருவார்கள். ஏதாவது சாப்பிட்டாயா என்று முதலில் கேட்க வேண்டும். அவரவர் பெயர் எழுதிய டப்பாவை எடுத்து, கை நிறைய இருக்கும் மாத்திரையை ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும். தண்ணீர் சிஸ்டரே ஊற்றுவார். கடைசி மாத்திரை உள்ளே போனதும் "ஆ காட்டு" என்பார். வாயைத் திறந்தால் போதாது, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். "நாக்க நீட்டுனா நன்மை, தூக்குனா மாத்திர. மாத்திச் செஞ்சிடாத" என்பது அவருடைய நித்திய நகைச்சுவை. நன்மை என்றால் பூசையில் நாக்கில் வைக்கும் நற்கருணை அப்பம். அதற்கு யாரும் சிரிக்காவிட்டாலும் நான் சிரிக்க வேண்டும். அதுவும் என் வேலையில் சேர்த்தி.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த வருஷங்களில் எங்கள் ஊரில் ஆண்டவர் நிறையப் பேசினார். எங்கு பார்த்தாலும் குணமளிக்கும் ஜெபக் கூட்டங்கள். திட்டக்குடி வரைக்கும் சுவரெல்லாம் போஸ்டர், மைதானமெல்லாம் பந்தல். போய் வந்தவர்களில் நாலு பேருக்காவது மறுநாள் ஆண்டவர் குரல் கேட்டுவிடும். அதைச் சொல்வதற்கு அவர்கள் ஃபாதரிடம் போக மாட்டார்கள். அவர் பயந்த சுபாவம், பிஷப்பைக் கேட்டுச் சொல்கிறேன் என்பார். நேராக டிஸ்பென்சரிக்குத்தான் வருவார்கள்.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சவரிமுத்து ஐயா அப்படித்தான் ஒரு நாள் வந்தார். அவருக்குச் சர்க்கரை உண்டு.

"சிஸ்டர், ஆண்டவர் என்கிட்ட பேசிட்டாரு. இனிமே இனிப்பு சாப்பிடலாம்."

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இனிப்புன்னே சொன்னாரா?"

"அந்த அர்த்தத்துல சொன்னாரு."

"அர்த்தம் இருக்கட்டுங்க. கேட்டதை மட்டும் சொல்லுங்க."

ஐயா கொஞ்சம் தயங்கினார். "'மகனே, திருப்தியா இரு'ன்னாரு."

"அதுல ஜிலேபி எங்க இருக்குது?"

"திருப்தின்னாலே..." என்று ஆரம்பித்தவர், சிஸ்டரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஆனால் சிஸ்டர் அவரை விரட்டவில்லை. "திருப்தியா இருன்னு சொன்னாருல்ல, அதை வச்சிக்கங்க. நல்ல வார்த்தைங்க. எத்தினி பேருக்குக் கெடைக்கும்?" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

இதுதான் எனக்குப் பிடிபடாத இடம். "பேசினாருன்னு நம்புறீங்களா சிஸ்டர்?" என்று ஐயா போன பிறகு கேட்டேன்.

"பேசினாருன்னு சொல்ல நான் யாரு, பேசலன்னு சொல்ல நான் யாரு? ராஜா வூட்டுக் கடுதாசி வந்திருக்குதுன்னு ஒருத்தன் சொன்னா, மொதல்ல கைய கழுவிட்டு வாங்கணும். வாங்கினவன் சொந்தமா நாலு வரி சேத்திருந்தா அதை மட்டும் தள்ளி வைக்கணும். அவ்ளோதான் ரோஸு." என் பெயர் ரோஸ்லின். அவர் மட்டும்தான் ரோஸு என்பார்.

அவரே ஆண்டவரிடம் பேசுவது ஒரு வேடிக்கை. கோயிலில் முழந்தாளிட்டால் "நீர்", "உமது" என்று அச்சுப் பிசகாமல் வரும். டிஸ்பென்சரியில் கரண்ட் போனால் மேலே பார்த்து, "என்னாங்க இது, நீங்களே இப்படிப் பண்ணா எப்படிங்க?" என்பார். கோயிலில் இருந்த மரியாதை இங்கேயும் குறையாது, ஆனால் பக்கத்து அறையில் இருக்கும் மூத்தவரிடம் முறையிடுவது போல இருக்கும். நான் அதைக் கேட்டுக் கேட்டு, அவருக்கு அங்கிருந்து தினமும் பதில் வருகிறது என்றே நினைத்திருந்தேன்.

இனி சகாயமேரி விஷயத்துக்கு வருகிறேன்.

சகாயம் செராமிக் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். சின்ன உருவம், சின்னக் குரல். கணவன் லூர்துராஜ் அதே கம்பெனியில் சூளையில் பொம்மை அடுக்குகிறவன். மூன்று வயதில் ஜெனி என்று ஒரு பெண் குழந்தை, அம்மாவை ஒட்டிக்கொண்டே படுக்கும். சகாயம் இருமி ரத்தம் கக்கிய பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காசநோய் என்று தெரிந்தது. அங்கேயே மாத்திரை ஆரம்பித்து, உடம்பு கொஞ்சம் தேறியதும் மீதிக்கு எங்களிடம் அனுப்பினார்கள். அவள் ஒரு வேளைகூடத் தவறாமல் வந்தாள். இருமல் நின்றது. கன்னத்தில் சதை பிடித்தது. "எல்லாம் சரியாப் போவுதா சகாயம்?" என்று கேட்டால் "ம்" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

இரண்டாம் மாதத்தில் ஒரு வாரம் அவள் வரவே இல்லை. நான் வீட்டுக்குப் போனேன். லூர்து வாசலிலேயே பிடித்துக்கொண்டான். முகமெல்லாம் வெளிச்சம்.

"அக்கா, ஆண்டவர் இவகிட்ட பேசிட்டாருக்கா. நோயி போயிடுச்சு. இனிமே மாத்திர வேணாம்."

"டாக்டர் சொன்னாரா?"

"டாக்டருக்கு மேல இருக்கறவரு சொல்லிட்டாருங்கறேன். விசுவாசம் வேணுங்கக்கா."

எனக்குக் கோபம் வந்தது. பாதியில் நிறுத்தினால் கிருமி மாத்திரைக்குப் பழகிவிடும், அப்புறம் எந்த மாத்திரைக்கும் அசையாது, பக்கத்தில் படுக்கிற குழந்தைக்கும் வந்து சேரும். இதெல்லாவற்றையும் கத்திச் சொன்னேன். நிறுத்திவிட்டு ஆறே மாதத்தில் போய்ச் சேர்ந்த ஒரு ஆளை எங்களுக்குத் தெரியும், அதையும் சொன்னேன். சகாயம் உள்ளே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு தரையைப் பார்த்தாள். நான் திரும்பி வந்து சிஸ்டரிடம் ஒப்பித்தேன். அவர் வண்டிச் சாவியை எடுத்தார்.

நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். சகாயம் வீட்டுக்குப் போனதும் சிஸ்டர் பாயில் உட்கார்ந்தார். ஜெனி வந்து அவருடைய ஜெபமாலையைப் பிடித்து இழுத்தது. லூர்து நின்றபடியே ஆரம்பித்தான்.

"கூட்டத்துல ஜெபம் பண்ண பிரதர் பேரு சொல்லாமலே சொல்லிட்டாரு சிஸ்டர். 'மார்பு நோயோடு வந்திருக்கிற மகளே, நீ சுகமானாய்'னு."

மார்கழிப் பனியில் திறந்த மைதானத்தில் உட்கார்ந்திருந்த கூட்டம் அது. மார்பு நோய் இல்லாத மகளைத் தேடிப்பிடிப்பதுதான் கஷ்டம். நான் இதைச் சொல்ல வாயெடுத்தேன். சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"அது மைக்குல வந்தது லூர்து. அது எல்லாருக்கும் வந்தது. நீ போயி மூணு டீ வாங்கியா. பார்சலு. நல்லா ஆத்தி, நிதானமா கட்டச் சொல்லு. ஓடி வராத."

அவன் போனான். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்ப சொல்லு சகாயம். ஒனக்கு எங்க கேட்டுச்சு?"

"கம்பெனியிலங்க சிஸ்டர். கூட்டம் முடிஞ்ச மறுநாளு. எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க. நான் மட்டும் கண்ணு எழுதிட்டு இருந்தேன்."

"என்னா சொன்னாரு?"

"நோயி போயிடுச்சு, இனிமே மாத்திர..."

"சகாயம், கேட்டதை மட்டும் சொல்லும்மா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"'பயப்படாத'ன்னாருங்க."

"அப்புறம்?"

"அவ்ளோதாங்க."

"மாத்திரன்னு சொன்னாரா?"

"இல்லீங்க."

"நோயின்னு?"

"இல்லீங்க சிஸ்டர்."

விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். பையில் மாத்திரை டப்பா இருந்தது, அதை எடுக்கக் கையையும் விட்டுவிட்டேன். ஆனால் சிஸ்டர் சவரிமுத்து ஐயாவிடம் கேட்டது போல 'அதில் மாத்திரை எங்கே இருக்கிறது' என்று கேட்கவில்லை. அவர் குரல் இன்னும் தணிந்தது.

"ஒருத்தர் வந்து பயப்படாதன்னு சொன்னா, நீ எதுக்கோ பயந்துட்டு இருந்திருக்கணும். எதுக்கும்மா பயந்துட்டு இருந்த?"

சகாயம் வாசலைப் பார்த்தாள். லூர்து வரவில்லை என்று தெரிந்ததும் என் பக்கம் திரும்பினாள். சிஸ்டரிடம் சொல்ல வெட்கப்பட்டு என்னிடம் சொன்னாள்.

"மாத்திரைக்குத்தாங்கக்கா. மாத்திர போட்ட அன்னிக்கெல்லாம் ஒண்ணுக்குப் போனா செவப்பாப் போவுதுக்கா. போடாத அன்னிக்கு நல்லாப் போவுது. மொதல்ல இருமல்ல வந்த ரத்தம், இப்ப மாத்திர அதைக் கீழ எறக்கிடுச்சின்னு நெனச்சேன். ஒவ்வொரு தடவ நாக்கத் தூக்கிக் காட்டும்போதும், இன்னிக்கும் ரத்தம் போவப் போவுதுன்னு ஒடம்பெல்லாம் நடுங்கும். புள்ள சின்னதாச்சே, யாரு பாத்துப்பான்னு..."

அந்த மாத்திரையில் ஒன்றுக்கு அப்படி ஒரு குணம் உண்டு. சாப்பிடுகிற எல்லாருக்கும் சிவப்பாகத்தான் போகும். சாயம்தான், ரத்தமில்லை. எங்களிடம் புதிதாக ஆரம்பிக்கும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லிவிடுவோம். இவள் ஆஸ்பத்திரியிலேயே ஆரம்பித்து வந்தவள், அங்கே சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள் என்று இருந்துவிட்டோம்.

சிஸ்டர் அதை விளக்கிச் சொன்னார். சகாயம் "ரத்தம் இல்லீங்களா?" என்று ஒரு தடவை கேட்டாள். மறுபடியும் கேட்டாள். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஒவ்வொரு தடவையும் சாகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே எங்கள் முன்னால் வந்து வாயைத் திறந்திருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்து லூர்து டீ பார்சலோடு வந்தான்.

"லூர்து, ஆஸ்பத்திரில ஒன்கிட்ட ஒண்ணு சொல்லி அனுப்பினாங்களா, ஒண்ணுக்குப் போறதைப் பத்தி?"

அவன் காது வரைக்கும் சிவந்தான். "சொன்னாங்க சிஸ்டர். அதை எப்படிங்க ஒரு பொம்பளகிட்டப் போயி..."

"பொம்பளயா? ஒன் பொண்டாட்டிடா அவ! புள்ள பெத்துக்கும்போது வெக்கம் எங்கடா போயிருந்துச்சு?"

நான் சிரிப்பை அடக்க டீயை ஊதினேன். லூர்து ஜெனியைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான்.

நான் டப்பாவைத் திறந்தேன். சிஸ்டர் என் கையைப் பிடித்தார். "வேணாம் ரோஸு. சகாயம், இப்ப எல்லாத்தையும் தெரிஞ்சிக்கிட்ட. அவரு எதுக்குப் பயப்படாதன்னாருன்னு நான் சொல்லமாட்டேன். என்கிட்ட சொல்லல அவரு, ஒன்கிட்டதான் சொன்னாரு. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி அவர்கிட்டயே கேளு. காலைல நாங்க டிஸ்பென்சரில இருப்போம். போயிட்டு வரேன்."

வண்டியில் வரும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு வேளையாவது முழுங்க வச்சிட்டு வந்திருக்கலாமே சிஸ்டர். காலைல வரலன்னா?"

"ரெண்டு பேரு பேசிட்டு இருக்கற எடத்துல நாம பூந்து பேசக்கூடாது."

"வரலன்னா?"

அவர் அன்றைக்கு வண்டியை மிகவும் மெதுவாக ஓட்டினார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் சிஸ்டர் மாத்திரைத் தட்டைத் துடைத்தார். துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தார். வாசல் பக்கம் பார்க்காதது போலப் பார்த்தார். மற்ற நோயாளிகளிடம் "நாக்க நீட்டுனா நன்மை" சொல்ல மறந்தேபோனார். அவரைப் பேச்சில் இழுப்போம் என்று நான்தான் கேட்டேன்.

"உங்ககிட்ட எப்படிப் பேசுவாரு சிஸ்டர்? சகாயத்துக்குக் கேட்ட மாதிரியா?"

"எங்கிட்டயா?" என்றார் தட்டைப் பார்த்துக்கொண்டே. "மடத்துக்கு வந்த நாள்லேருந்து ஒரு வார்த்த பேசினதில்ல ரோஸு."

"சும்மா சொல்லாதீங்க."

"நெசமாத்தான். நான்தான் ஓயாம பேசிட்டிருக்கேனே, அவருக்கு எங்க எடம்?" என்று சிரித்தார். நான் கூடச் சிரித்தேன். ஆனால் அவர் சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. அவ்வளவு வருஷம் பக்கத்தில் இருந்தும் அந்த ஏக்கம் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. எனக்கு ஒரு மாதிரி வலித்தது.

வேலைக்குப் போகும் கூட்டமெல்லாம் வந்து போய்விட்டது. கதவைச் சாத்தலாமா என்று நான் எழுந்தபோது சகாயம் வந்தாள். இடுப்பில் ஜெனி. பின்னால் லூர்து, தலையைக் குனிந்துகொண்டு, கையில் இட்லி டப்பாவோடு.

"சாப்பிட்டியா?" என்று சிஸ்டர் வழக்கம் போலத்தான் கேட்டார். குரல் மட்டும் வழக்கமாக இல்லை.

"சாப்பிட்டுத்தாங்க வந்தேன்."

ஒவ்வொரு மாத்திரையாகக் கொடுத்தேன். அந்தச் சாயம் போகிற சிவப்பு மாத்திரை வந்தபோது சகாயம் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு எங்களையெல்லாம் விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் ஒருவரிடம் சொல்வது போல, "நீங்க சொன்னதாலதாங்க" என்றாள். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். சிஸ்டர் அன்றைக்கு "ஆ காட்டு" சொல்லவில்லை. அவளாகவே நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

அதன் பிறகு அவள் ஒரு வேளையும் விடவில்லை. விட்டுப்போன வேளைகளையும் சேர்த்து முடித்தாள். சளியைச் சோதித்ததில் கிருமி இல்லை என்று வந்தது. குழந்தைக்கும் ஒன்றுமில்லை. ரிசல்ட் வந்த அன்றைக்கு அவளுக்குக் கொடுக்க மாத்திரை இல்லை, சும்மா சொல்லிவிட்டுப் போக வந்திருந்தாள். லூர்து வெளியே சைக்கிளோடு நின்றான். சகாயம் கும்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது சிஸ்டர் கூப்பிட்டார்.

"சகாயம், ஒண்ணு கேக்கட்டுமா? சொல்ல இஷ்டமில்லன்னா விட்டுடு."

"கேளுங்க சிஸ்டர்."

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றப் போனார், கழற்றவில்லை. இத்தனை மாதமும் இதைக் கேட்காமல் அடக்கி வைத்திருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சிகிச்சை நடக்கும்போது கேட்டால் அவள் சிஸ்டருக்காக எதையாவது சேர்த்துச் சொல்லிவிடுவாள் என்று பயந்திருப்பார்.

"அவரு கொரலு... எப்படிம்மா இருந்துச்சு?"

சகாயம் யோசித்தாள். "சத்தமா இல்லீங்க. பக்கத்துல ஒக்காந்து வேல பாக்கறவங்க தலைய தூக்காமலே ஒண்ணு சொல்லுவாங்கள்ல, அந்த மாதிரி. நம்ம வூட்டு மனுசரு மாதிரிதாங்க இருந்துச்சு. ஆனா நான் பிரஷ்ஷக் கீழ வச்சிட்டு எழுந்து நின்னுட்டேங்க. ஏன்னு தெரியல. ஒக்காந்திருக்க முடியல."

சிஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் கையை ஊன்றி மெதுவாக எழுந்து நின்றார். சகாயம் போன பிறகும் அப்படியே நின்றுகொண்டிருந்தார். வெளியே நாலைந்து பேர் காத்திருந்தார்கள். அடுத்த ஆளைக் கூப்பிடட்டுமா என்று நான் கேட்கவில்லை.